இரண்டாவது கை

"இரண்டாவது கை யாருதுங்க மேடம்?"

திருச்சி விமான நிலையத்தின் பூட்டுப் பதிவு மேசையில் இருந்த பெண் கேட்டபோது அங்கயற்கண்ணி யோசிக்கவே இல்லை. பின்னால் திரும்பி, "லிங்கம், வந்து கையை வை" என்றாள்.

ஜோதிலிங்கம் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு முன்னால் வந்து, வலது உள்ளங்கையைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தான். தகடு பச்சையாக ஒளிர்ந்து அணைந்தது. வாழை ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அவளோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அவளைவிட எட்டு வயது இளையவன். முதல் மாதம் மட்டும் 'மேடம்' என்றான். அதன் பிறகு 'அக்கா'தான்.

பக்கத்து மேசையில் ஒரு புதுமணத் தம்பதி நின்றிருந்தது. வழியனுப்ப வந்த தங்கையைக் கூப்பிட்டு அவள் கையைப் பதிவு செய்திருந்தாள் மனைவி.

"எந்தங்கச்சி கையை வச்சா என்ன தப்பு?"

"தப்பே இல்ல. அப்ப நான் எதுக்குக் கூட வர்றேன்னுதான் கேட்டேன்."

மேசைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தினமும் இதே கதைதான் மேடம். உங்க வீட்டுக்காரர் கோச்சுக்க மாட்டாரா?"

"அவர் கை எப்பவும் வேர்த்துக்கிட்டே இருக்கும்மா. மூணு தரம் வச்சுப் பாத்தோம். பூட்டு ஒத்துக்கல."

அந்த ஆண்டுகளில் விமானத்துக்குள் கைப்பை கொண்டுபோகும் வழக்கமே ஒழிந்திருந்தது. எல்லாப் பெட்டியும் அடியறைக்குத்தான் போயிற்று. சாவி, எண், விரல் ரேகை என்று வந்த பூட்டுகளை எல்லாம் திருடர்கள் ஒவ்வொன்றாகத் தாண்டினார்கள். தாண்ட முடியாதபோது விடுதி அறையில் கழுத்தில் கத்தியை வைத்துப் பயணியையே திறக்கச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் நிதானப் பூட்டு. கை பதிவான கையாக இருந்தால் மட்டும் போதாது. அதன் நாடித்துடிப்பையும் வியர்வையையும் நடுக்கத்தையும் பூட்டு பார்க்கும். பயந்த கைக்குத் திறக்காது. மிரட்டிப் பிரயோஜனமில்லை என்றானதும் மிரட்டல் நின்றது. வழியில் பெட்டிக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் திறப்பதற்கு இன்னொருவர் வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டாவது கையைக் கட்டாயமாக்கினார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

அங்கயற்கண்ணியின் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தூக்கு அளவில், குளிர் காக்கும் ஓர் எஃகுப் பேழை இருந்தது. அதில் ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி போன்ற கூழில் ஊன்றிய, விரல் நகம் அளவு பச்சைத் தளிர்.

ஐந்து ஆண்டுகளாகக் காவிரிக் கரையில் வாடல் நோய் வாழைத் தோப்புகளைத் தின்றுகொண்டிருந்தது. இலை மஞ்சளாகும், தண்டு பிளக்கும், ஒரு மாதத்தில் தோப்பு படுத்துவிடும். முசிறிக்குப் பக்கத்தில் சின்னப்பொண்ணு என்பவளின் கொல்லையில் மட்டும், மாட்டுக்கொட்டகைக் கழிவுநீர் ஓடும் இடத்தில், ஒரு வாழைக் கட்டை அசையாமல் நின்றது. நோய் கணக்கெடுக்க ஸ்கூட்டரில் போன அங்கயற்கண்ணியும் லிங்கமும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான்கு வருடம் அந்தத் தளிரைத் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பு இல்லை.

"எடுத்துட்டுப் போங்க டாக்டரம்மா" என்று சின்னப்பொண்ணு சொல்லியிருந்தாள். "ஆனா எல்லாருக்கும் போய்ச் சேரணும். ஒருத்தன் பூட்டி வச்சுக்கிட்டு மத்தவன் அவன்கிட்ட கையேந்தி நிக்கக் கூடாது."

அங்கயற்கண்ணி வாக்குக் கொடுத்திருந்தாள். மணிலாவில், வாழை ரகங்களைப் பொதுச் சொத்தாகக் காக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. உயிருள்ள தளிரை அங்கே ஒப்படைத்துப் பதிவு செய்துவிட்டால் எந்த நிறுவனமும் அதைத் தனதென்று சொல்ல முடியாது. தனி உரிமை கேட்கிற நிறுவனங்களும் அதே பதிவேட்டில்தான் பதிய வேண்டும்; முந்துகிறவருக்கே ரகம். பதிவை நேரில்தான் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சிங்கப்பூரில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உயிருள்ள செடி என்பதால் சோதனைக்காகப் பெட்டியை அங்கே அவர்கள் கையில் கொடுத்தார்கள். அதிகாரி பார்த்து முத்திரை குத்தியபின் இருவரும் ஓய்வுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கயற்கண்ணிக்குத் தலைவலி. மாத்திரை போட்டிருந்தாள்.

"நீங்க படுங்க அக்கா. நான் பாத்துக்கறேன்" என்றான் லிங்கம்.

பெட்டியை அவன் காலடியில் தள்ளிவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாள். நல்ல தூக்கம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் காப்பகத்தில் ஆறு குழாய்களையும் கொடுத்தார்கள். பதிவாளர் ஒரு நடுவயதுப் பெண். ஒரு துளித் தளிரைக் கருவியில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு தயக்கத்தோடு சொன்னாள்: இந்த ரகத்தை இன்று காலை ஒன்பது மணிக்கே பதிவு செய்துவிட்டார்கள். வெர்டோரா என்ற விதை நிறுவனம், உயிருள்ள தளிரோடு, தனி உரிமை கேட்டு.

"தப்பா இருக்கும்" என்றாள் அங்கயற்கண்ணி. தமிழில் சொல்லிவிட்டோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மற்ற குழாய்களையும் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து ஒன்றுபோல் இருந்தன. ஆறாவதில் இருந்தது சாதாரணப் பூவன் தளிர். யாரோ ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்திருக்கிறார்கள்.

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் சிங்கப்பூர்ச் சோதனை அதிகாரியைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் பேழையை அதிக நேரம் கையில் வைத்திருந்தான், தனக்கு அப்போதே சந்தேகம் என்றாள். லிங்கம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"திரும்பிப் போறப்ப சிங்கப்பூர்ல பூட்டுப் பதிவைக் கேட்டு வாங்கிடறேன்" என்றாள்.

"விடுங்க அக்கா. அவங்க பெரிய ஆளுங்க. ஊருக்குப் போய் யோசிப்போம்."

களைப்பில் பேசுகிறான் என்று நினைத்தாள். அவனும் நான்கு வருடம் உழைத்தவன்தானே.

சிங்கப்பூரில் பூட்டு அலுவலகத்தில் இருந்தவள் தமிழ்ப் பெண். மார்பில் பரமேஸ்வரி என்று பெயர் குத்தியிருந்தது. அடியறையிலிருந்து வரவழைத்த பெட்டியை மேசைமேல் வைத்து, பூட்டோடு ஒரு கம்பியை இணைத்தாள்.

"பயணம் ஆரம்பிச்சதிலேருந்து நாலு தடவை திறந்திருக்கு மேடம். திருச்சியில சோதனை, உங்க கை, துடிப்பு எண்பத்தெட்டு. இங்க சோதனை, உங்க கை, தொண்ணூத்தொண்ணு. மதியம் ரெண்டே முக்கால், இரண்டாவது கை, அறுபத்தாறு. மணிலா, உங்க கை, எண்பத்துநாலு."

"நடுவுல என்ன சொன்னீங்க?"

"இரண்டாவது கை. ஜோதிலிங்கம்னு பதிவாகியிருக்கு."

"அது இருக்காது. அந்த நேரம் நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

பரமேஸ்வரி திரையை அவள் பக்கம் திருப்பினாள். கை ரேகைப் படம், நேரம், எண்.

"இந்த அறுபத்தாறு... தூங்கறவங்க கையைப் பிடிச்சு வச்சுத் திறந்திருக்கலாமா? மயக்க மருந்து ஏதாவது குடுத்து?"

"தூங்கற கைக்குத் திறக்காது மேடம். முழிப்பாவும் இருக்கணும், அமைதியாவும் இருக்கணும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆறு வருஷமா இந்த மேசையில இருக்கேன். சொந்தப் பெட்டியைத் திறக்கிறவங்களுக்கே எண்பது, தொண்ணூறு வரும். சாமான் இருக்குமோ இருக்காதோன்னு ஒரு பயம். அறுபத்தாறுன்னா, வீட்டு அலமாரியைத் திறந்து துண்டு எடுக்கிற மாதிரி."

அங்கயற்கண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எடுத்திருக்கிறான் என்பதைக்கூட மனம் எப்படியோ ஒரு மூலையில் வாங்கி வைத்துக்கொண்டது. அந்த எண்ணைத்தான் வாங்க முடியவில்லை. தன் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் மூச்சைக் கேட்டுக்கொண்டே.

"புகார் குடுக்கணும்" என்றாள்.

"அது கொஞ்சம் கஷ்டம். பதிவான கை, அமைதியா திறந்திருக்கு. சட்டப்படி அது நீங்க சம்மதிச்சுத் திறந்த மாதிரிதான். அவர் கை உங்க கை. சம்மதம் இல்லைன்னு மறுக்கலாம், அதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஆனா இந்தப் பயணம் முடியறதுக்குள்ள குடுக்கணும். ஊர்ல இறங்கிட்டா செல்லாது."

"இப்பவே குடுக்கறேன்."

பரமேஸ்வரி ஒரு கண்ணாடித் தகட்டை நகர்த்தினாள். "கையை வைங்க."

வைத்தாள். தகடு சிவந்தது. நூற்றுப் பதினெட்டு.

"மறுப்பும் சொந்த விருப்பத்துல குடுத்ததா இருக்கணும் மேடம். தொண்ணூத்தஞ்சுக்கு மேல போனா, யாரோ மிரட்டிக் குடுக்க வைக்கிறாங்கன்னு எடுத்துக்கும்."

"என் பொருளைத் திருடியிருக்காங்க. எனக்கு எப்படிம்மா அமைதியா இருக்கும்?"

"தெரியுது மேடம்." பரமேஸ்வரி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "இந்த விதியை எழுதினவங்க பொருளைத் தொலைச்சவங்க இல்லை. உங்க விமானத்துக்கு இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. கொஞ்சம் உக்காந்து மூச்சு விட்டுட்டு வாங்க."

வெளியே வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் லிங்கம் இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்தான்.

"சர்க்கரை போடல அக்கா."

அவள் வாங்கவில்லை. "ரெண்டே முக்காலுக்குப் பெட்டியைத் திறந்தியா?"

அவன் கோப்பைகளை நாற்காலியின் கைமேல் வைத்துவிட்டு, ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தான்.

"திறந்தேன்."

"எங்க குடுத்த?"

"கீழ்த்தளத்துல அவங்க ஆளு இருந்தாரு. பத்து நிமிஷ வேலை."

"எப்பலேர்ந்து?"

"பேச ஆரம்பிச்சு ஒண்ணரை வருஷம் இருக்கும். ஆய்வகத்துல முடியலை. குளிரறைக் கதவு நாம ரெண்டு பேரும் சேர்ந்து தொட்டாதான் திறக்கும். பயணத்துலதான் ஒரு கை போதும்."

ஒன்றரை வருடம். அதற்கு நடுவில்தான் அவள் மகன் கல்யாணம் நடந்தது. மூன்று பந்திக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறியவன் இவன். கணவருக்குக் கண் அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரியில் இவன்தான் இருந்தான். அந்த நாட்களில் எல்லாம் இவனுக்குள் இது இருந்திருக்கிறது. பழைய நாட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும் போலவும், எதையும் தொடக் கூடாது போலவும் இருந்தது அவளுக்கு.

"காப்பகத்துல குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா அக்கா?" அவன் தணிந்த குரலில் பேசினான். ஆய்வக முடிவுகளைப் பற்றிப் பேசும் அதே குரல். "குழு கூடும், சோதனை வயல் போடும், அனுமதி கேக்கும். பத்து வருஷம். அதுக்குள்ள கரையில ஒரு வாழை நிக்காது. வெர்டோரா அடுத்த வருஷமே லட்சம் கன்னு இறக்கும். அவங்ககிட்ட ஆளு இருக்கு, கூடம் இருக்கு."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க முடியாதுன்னு சொல்வீங்க."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"அதான்."

ஒலிபெருக்கியில் ஏதோ ஊர்ப் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"உன் கை நடுங்கவே இல்லையாடா?"

லிங்கம் தன் உள்ளங்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டான். அவளைச் சமாதானப்படுத்துகிறவனைப் போல மெதுவாகச் சொன்னான்.

"எதுக்கு நடுங்கணும் அக்கா? நீங்க நடுவுல முழிச்சுப் பாத்திருந்தாக்கூட, 'என்ன லிங்கம், குளிர் சரியா இருக்கா'ன்னுதான் கேட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும். பயப்படற மாதிரி அங்க எதுவுமே இல்லை."

அவள் எழுந்து அலுவலகத்துக்குள் போனாள். கையை வைத்தாள். நூற்று முப்பத்தொன்று. கண்ணை மூடி நூறு வரை எண்ணிவிட்டு வைத்தாள். நூற்று இருபத்தாறு. அந்தத் தளிர்களை நினைத்துப் பார்த்தாள், கணவரை நினைத்தாள், ஒன்றையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தகடு சிவந்தது. பரமேஸ்வரி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள். கதவு மூடும் அறிவிப்பு வந்தபோது எண் நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றாள் பரமேஸ்வரி. "எனக்கு அதிகாரம் இருந்தா நானே கையை வச்சிருப்பேன்."

விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாற்றித் தரக் கேட்டாள். இடம் இல்லை என்றார்கள். திருச்சிவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் பக்கத்திலிருந்து சீரான மூச்சு கேட்டது. லிங்கம் தூங்கிவிட்டிருந்தான்.

மறுநாள் அவனுடைய ராஜினாமா மின்னஞ்சலில் வந்தது. இரண்டு வரி. அவளுக்கு என்று தனியாக எதுவும் எழுதவில்லை.

வீட்டில் கணவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தன் வியர்த்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

நான்காம் நாள் முசிறிக்குப் போனாள். வாக்குக் கொடுத்த இடத்தில் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சின்னப்பொண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கம்பெனிக்காரங்க முந்திக்கிட்டாங்கம்மா" என்றாள் அங்கயற்கண்ணி. "இனிமே இந்த வாழை அவங்களுது. அவங்களைக் கேக்காம யாரும் போட முடியாது. உன் கொல்லையில இருக்கறதுக்குக்கூட ஒருநாள் ஆளு வரலாம். நான் உனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தலை."

சின்னப்பொண்ணு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது வெளியே தெரிந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும் டாக்டரம்மா. திட்டாதீங்க."

"என்ன?"

"பதிவு ஆகறவரைக்கும் யாருக்கும் ஒரு கன்னுகூடக் குடுக்காதன்னு சொன்னீங்க. நானும் சரின்னு தலையாட்டினேன். ஆனா அண்ணன் வீட்டுத் தோப்பு மொத்தமும் படுத்துப்போய் அண்ணி வந்து அழுதா. ஒண்ணு குடுத்தேன். அதைப் பாத்துட்டு நாத்தனா கேட்டா. அப்புறம் அக்கரையில ரெண்டு வீடு. கேக்கறவங்க மூஞ்சியைப் பாத்து எப்படி இல்லேங்கறது? பதினோரு வீட்டுக்குப் போயிருச்சு. ரெண்டு வருஷமா. நீங்க வர்றப்ப எல்லாம் சொல்லிரணும்னு நெனப்பேன், வாய் வராது. இப்ப அவங்களையும் கம்பெனிக்காரன் புடிப்பானா?"

அங்கயற்கண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வீடுகளுக்கு மேல் ஏற்கெனவே வளரும் பயிருக்கு எவரும் தனி உரிமை கேட்க முடியாது. அந்த விதியை அவள் மனப்பாடமாக அறிவாள். யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லி, பேழைக்குள் வைத்து, பூட்டுக்குமேல் பூட்டுப் போட்டு, அந்த விதியின் பாதுகாப்பையே தன் கையால் தடுக்கப் பார்த்திருக்கிறாள். லிங்கத்துக்கும் அந்த வீடுகளைப் பற்றித் தெரியாது. அவனிடமும் சின்னப்பொண்ணு மறைத்துத்தான் இருக்கிறாள்.

"பேர் சொல்லு" என்று கைபேசியை எடுத்தாள். "பதினோரு பேரும். எந்த ஊரு, எத்தனை கட்டை, எல்லாம்."

அந்தப் பதினோரு கொல்லைகள்தான் பின்னால் வெர்டோராவின் உரிமையை உடைத்தன. அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அன்று அவளுக்கு அது தெரியாது. பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். கொடுத்த வார்த்தை தவறியவளால் எல்லாம் பிழைக்கலாம் என்ற நினைப்பில் சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இவளும் இரண்டு வருடம் என் முகத்தைப் பார்த்து மறைத்தவள்தானே என்று உள்ளே ஏதோ ஒன்று வலித்தது.

கிளம்பும்போது சின்னப்பொண்ணு உள்ளே போய் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தாள்.

"அந்தத் தம்பிக்குக் குடுத்துருங்க. போன தடவை நல்லா இருக்குன்னு நாலு பழம் சாப்பிட்டாரு. எப்பவும் உங்ககூட வருவாரே, எங்க காணோம்?"

அங்கயற்கண்ணி பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"அவனுக்கு வெளியூர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கும்மா. திடீர்னு போற மாதிரி ஆயிருச்சு. உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னான்."

"அப்படியா, நல்லா இருக்கட்டும்" என்றாள் சின்னப்பொண்ணு. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. ஒரு துளிச் சந்தேகம் இல்லை.

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் அங்கயற்கண்ணிக்கு உறைத்தது. அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் குரல் பிசகவே இல்லை. மார்பு அடித்துக்கொள்ளவில்லை. நம்புகிற ஒரு முகத்தின் முன்னால் அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஓட்டுநரை நிறுத்தச் சொல்லி, காவிரிப் பாலத்தின் ஓரமாக இறங்கி நின்றாள். பழச் சீப்பு இன்னும் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.